கேம்பர்வேனில் ஜெர்மனியின் மதில் நகரங்கள்: முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை

தெற்கு ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க்கில் தொடங்கி ஆல்ப்ஸ் அடிவாரத்து ஃபூசன் வரை, சுமார் 460 கி.மீ. ஓடுகிறது ‘ரொமான்டிக் சாலை’. சுற்றுலாப் பயணிகளை இழுக்க 1950இல் சூட்டிய பெயர் அது. வழியில் உள்ள ரோட்டன்புர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் மூன்றும் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள். ரோட்டன்புர்க்கிலிருந்து டிங்கெல்ஸ்பூல் 50 கி.மீ.கூட இல்லை, அங்கிருந்து நோர்ட்லிங்கன் சுமார் 30 கி.மீ. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேன் போன்ற பெரிய வண்டியைப் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தூரம் சரியாக இருக்கும்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை நல்ல காலம். ஆனால் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். அந்த நாட்களில் மியூனிக்கில் வண்டி எடுத்தால் வாடகையும் எகிறும், இடமும் கிடைக்காது. வேறு ஊரில் எடுங்கள்.

படி 1: காகிதமும் எடையும்

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே ஆர்டிஓவில் வாங்கிவிட வேண்டும். அது ஓராண்டு செல்லும். அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும், அனுமதி மட்டும் தனியாகச் செல்லாது.

3.5 டன்னுக்குள் உள்ள வண்டியாகப் பாருங்கள். 6 மீட்டர் நீள வேன் இருவருக்குத் தாராளம். 7 மீட்டருக்குப் போனால் பழைய ஊர்களில் திருப்பத்துக்குத் திருப்பம் வியர்க்கும். எடை விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேனின் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. நான்கு பேர், பெட்டிகள், நிரம்பிய தொட்டி எல்லாம் சேர்ந்தால் 3,500 கிலோவைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும், பிடிபட்டால் அபராதம். ஓடும்போது 20, 30 லிட்டர் வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 2: வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது

ஒப்படைப்பவர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போவார். போனில் வீடியோ எடுங்கள். குறிப்பாக, பக்கவாட்டில் உள்ள மூடிகள் எது எதற்கு என்று கேட்டு, ஒவ்வொன்றையும் உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்: டீசல், நீல மூடி போட்ட ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்), குடிநீர். பெட்ரோல் பங்க்கில் அவசரத்தில் மூடி மாறிவிடும். டீசல் தொட்டிக்குள் ஆட்ப்ளூ போய்விட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். வேன் ரகங்கள் 2.6 முதல் 3.1 மீட்டர் வரை இருக்கும். நகரத்தின் மூடிய பார்க்கிங்குகளிலும் சில கடைவாசல்களிலும் 2 மீட்டரில் தடைக்கம்பி நிற்கும்.

படி 3: நாளைத் தலைகீழாகப் போடுங்கள்

இந்தப் பயணத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. ரோட்டன்புர்க்குக்குச் சுற்றுலாப் பேருந்துகள் காலை 10 மணிக்கு மேல் வந்து மாலையில் கிளம்பிவிடும். நடுவில் உள்ள நேரத்தில் தெருவில் கால் வைக்க முடியாது. அதனால் நண்பகலில் வண்டி ஓட்டுங்கள், காலையிலும் மாலையிலும் ஊரைப் பாருங்கள். மதிலுக்கு வெளியே ஐந்து நிமிட நடையில் படுக்கை இருப்பதுதான் வேனின் லாபம். வேறு ஊர் ஓட்டலில் இருந்து வருகிறவருக்கு அது வாய்க்காது.

செப்டம்பர் கடைசியில் ஏழு மணி வாக்கில்தான் விடியும், மாலை ஏழு வாக்கிலேயே இருட்டிவிடும். ஆறு மணிக்குள் நிறுத்தும் இடம் சேர்ந்துவிட்டால் வெளிச்சத்தில் ஒரு சுற்று வரலாம். ரோட்டன்புர்க் மதிலின் மேல் கூரை போட்ட நடைபாதை உண்டு, கட்டணம் கிடையாது. 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் ஊரின் கிழக்குப் பகுதி நொறுங்கியது. மதிலைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சுவரில் பதித்த கற்களில் படித்துக்கொண்டே நடக்கலாம்.

நோர்ட்லிங்கனில் கட்டாயம் ஓர் இரவு தங்குங்கள். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 25 கி.மீ. அளவு அகலமுள்ள பள்ளத்துக்குள் இருக்கிறது ஊர். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அந்த மோதலில் உருவான சூவைட் கல்லால் கட்டியது. 1970இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் பாறைகளைப் படிக்க இங்கேதான் வந்தார்கள். தேவாலயத்தின் 90 மீட்டர் கோபுரத்திலிருந்து காவலர் இரவு 10 முதல் 12 வரை அரை மணிக்கு ஒருமுறை குரல் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பகலில் வந்து போகிறவர்கள் காதில் அது விழாது.

படி 4: நிறுத்துவது

மதில் வாசலுக்குள் வண்டியை விடாதீர்கள். வண்டியின் அகலம் 2.05 மீட்டர்தானே என்று தோன்றும், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் இரண்டரை மீட்டர் வந்துவிடும். ஊர்களே மதிலுக்கு வெளியே ‘ஸ்டெல்பிளாட்ஸ்’ எனப்படும் வேன் நிறுத்தங்கள் வைத்திருக்கின்றன. ரோட்டன்புர்க்கில் பி2, பி3 பார்க்கிங்குகளில் பாருங்கள். பணத்தை எந்திரத்தில் போட்டு, சீட்டை முன்கண்ணாடிக்கு உள்பக்கம் வைக்க வேண்டும். பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கு இடம்.

சாதாரண பொது பார்க்கிங்கில், தடைப்பலகை இல்லையென்றால், களைப்புத் தீர ஓரிரவு வண்டிக்குள் உறங்கலாம். நாற்காலியை வெளியே போட்டாலோ, நிழல்விரிப்பை இழுத்தாலோ அது முகாம் ஆகிவிடும், அபராதம் வரும்.

இடம் சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் ஆப்புக்கட்டை கொடுங்கள். கேஸில் ஓடும் பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிர்விக்காது.

மின்சாரத்துக்கு நீல நிற மூன்று முனை பிளக், 25 மீட்டர் கேபிள். கேபிள் உருளையை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். சுருண்டபடி மின்சாரம் ஏற்றினால் சூடாகி உறை உருகும். 6 ஆம்பியர் இணைப்பு என்றால் 1,380 வாட்தான். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகும். தண்ணீரைக் கேஸ் அடுப்பில் கொதிக்க வையுங்கள். தாளிக்கும்போது கூரை ஜன்னல் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் கடுகு, பெருங்காய வாசம் மெத்தையில் ஏறித் துப்புரவுக் கட்டணமாகத் திரும்பி வரும்.

படி 5: குளிர் இரவு

ஃபூசன் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் இரவு வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழேயும் போகலாம். ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் வண்டிக்கு அடியில் குளம் கட்டி நிற்கும். ஒழுகல் என்று பதற வேண்டாம். பல வேன்களில் இருக்கும் ‘ட்ரூமா’ நிறுவன ஹீட்டரில் உறைபனிப் பாதுகாப்பு வால்வு ஒன்று உண்டு. அதைச் சுற்றி 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால், பாய்லர் வெடிக்காமல் இருக்கத் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். அந்த இடம் 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் வால்வை மூட முடியும். முதலில் ஹீட்டரைப் போடுங்கள், அப்புறம் வால்வின் குமிழை அமுக்குங்கள். வால்வு திறக்காமல் இருக்க, இரவில் 12 முதல் 15 டிகிரியில் ஹீட்டர் ஓடட்டும். சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

படி 6: கழிவு

கழிப்பறைக்கு அடியில் கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி, இருவருக்கு இரண்டு, மூன்று நாள் தாங்கும். அது நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்குக்குக் காத்திருக்காதீர்கள். கவிழ்க்கும்போது கட்டைவிரலுக்கு எட்டும் காற்றுப் பொத்தானை அழுத்தியபடி ஊற்றினால் குபுக்கென்று தெறிக்காது. கழிவு ஊற்றும் இடத்தில் இரண்டு குழாய்கள் இருக்கும். பெட்டி அலசும் குழாயின் ஹோஸைக் குடிநீர்த் தொட்டிக்குள் விடாதீர்கள். அங்கே உள்ள தண்ணீர், கழிவு எந்திரங்களுக்காகவே 50 சென்ட், 1 யூரோ நாணயங்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

சில்லறை விஷயங்கள்

ஞாயிறன்று மளிகைக் கடைகள் கிடையாது, அக்டோபர் 3 பொது விடுமுறை. பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கே முதலிடம். வலது பக்கம் திரும்புமுன் சைக்கிள் வருகிறதா பாருங்கள்.

வூர்ட்ஸ்புர்க் வட்டாரத்தில் இந்தப் பருவத்தில் பாதி நொதித்த புது ஒயின் விற்பார்கள். உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் அதன் மூடியை இறுக்க மாட்டார்கள். படுக்க வைத்தால் பிரிட்ஜ் முழுக்க ஓடிவிடும்.

ஃபூசன் அருகே உள்ள நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். கீழே வண்டியை விட்டு மேலே ஏற 40 நிமிடம் வரை ஆகும். குறித்த நேரம் தவறினால் டிக்கெட் வீண்.

திருப்பித் தருவதற்கு முந்தைய மாலையே டீசல் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கழிவுநீர்த் தொட்டியையும் பெட்டியையும் காலி செய்யுங்கள். கழுவாத பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது சில நூறு யூரோ வரைகூடப் போகும்.