தேர்தல் முறையை மாற்றச் சொல்லும் கட்சிகள்: காரணம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒரு கட்சி "தேர்தல் முறையையே மாற்ற வேண்டும்" என்று சொன்னதும் பலரும் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தோற்றவர்கள் புலம்புகிறார்கள் என்பார் ஒருவர். ஜனநாயகத்தைக் காக்க வந்தவர்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் அவசரத் தீர்ப்பு. போட்ட வாக்கு எப்படி இடமாக மாறுகிறது என்பதை வைத்துத்தான் யார் ஆள்வது என்பதே முடிவாகிறது. அதை மாற்றக் கேட்பவரின் காரணத்தைத் தப்பாகப் படித்தால், எதிர்க்க வேண்டிய திட்டத்துக்கும் கைதட்டிவிடுவோம்.

சின்னக் கட்சிகள்தான் மாற்றம் கேட்கும் என்று நினைப்பது முதல் தவறு. அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. தொகுதியில் அதிக வாக்கு வாங்குபவரே வெல்லும் முறை உள்ள பிரிட்டனில், 2015இல் நாடு முழுக்க 12.6 சதவீத வாக்கு வாங்கிய யுகிப் என்ற சின்னக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். ஆனால் ஆட்சியில் இருப்பவர்களே வரிந்துகட்டிக்கொண்டு முறையை மாற்றியதும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் 1918 அக்டோபரில் ஸ்வான் என்ற தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. ஆளும் தேசியவாதக் கட்சிக்கும் தொழிற்கட்சி பிடிக்காது, புதிதாகக் கிளம்பிய விவசாயிகள் அணிக்கும் தொழிற்கட்சி பிடிக்காது. இருவரும் தனித்தனியே ஆள் நிறுத்தினார்கள். இருவரின் வாக்கையும் கூட்டினால் 60 சதவீதத்தைத் தாண்டும். ஆனாலும் சுமார் 34 சதவீதம் வாங்கிய தொழிற்கட்சி வேட்பாளர் ஜெயித்துவிட்டார். அப்புறம் தாமதமே இல்லை. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை சில வாரங்களில் சட்டமானது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு இல்லையென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். அதே டிசம்பரில் கொரங்கமைட் தொகுதியில் முதல் சோதனை. முதல் சுற்றில் முன்னணியில் இருந்தவர் தொழிற்கட்சியின் ஜேம்ஸ் ஸ்கல்லின், பிற்காலத்தில் பிரதமரானவர். மற்றவர்களின் அடுத்த விருப்ப வாக்குகள் சேர்ந்ததும் விவசாயிகள் அணி வேட்பாளர் வென்றார். பெரிய கட்சிக்கும் பயம் வரும். தன் பக்கத்து வாக்கு பிளவுபடும்போது அந்தப் பயம்தான் சட்டமாகிறது. அதற்காக அந்தச் சட்டம் கெட்டது என்று ஆகிவிடாது. சுயநலத்தில் பிறந்த அந்த முறையைத்தான் ஆஸ்திரேலியர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இன்றைய லாபத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. இலங்கையில் 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத வாக்கில் 168 இடங்களில் 140ஐ அள்ளியது. இவ்வளவு வாரிக் கொடுத்த முறையை யாராவது கைவிடுவார்களா? கைவிட்டார்கள். 1978 அரசியலமைப்பு, வாக்கின் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. காரணம் தெரிய வேண்டுமென்றால் 1970க்குப் போக வேண்டும். அந்தத் தேர்தலில் இதே கட்சிக்கு 37.9 சதவீத வாக்கு, ஆனால் 17 இடங்கள்தான். அதைவிடச் சற்றுக் குறைவாக வாக்கு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கோ 91 இடங்கள். (சுதந்திரக் கட்சி கூட்டணியில் குறைவான தொகுதிகளில்தான் நின்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.) அலை எதிர்ப்பக்கம் அடித்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். எதிர்க்கட்சி நாளை மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்று, தாங்கள் எழுதிய அரசியலமைப்பையே தூக்கி எறிந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்ததாக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு.

கட்சியை ஒரே ஆளாக நினைத்துப் பேசுவதும் தவறுதான். பிரிட்டனின் தொழிற்கட்சி மாநாடு 2022இல் விகிதாசார முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. தலைமை அதைத் தேர்தல் அறிக்கையில் சேர்க்கவில்லை. 2024இல் அதே பழைய முறையில், சுமார் 34 சதவீத வாக்கில், 650 இடங்களில் 411 இடங்கள் வந்தன. ஏற்கெனவே வென்ற உறுப்பினருக்கும் தோற்ற தொகுதியில் உழைக்கும் தொண்டருக்கும் ஒரே ஆசை எப்படி இருக்கும்?

"மாற்றம்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பிவிடுவதைத்தான் நான் மிகவும் ஆபத்தான தவறாக நினைக்கிறேன். கனடாவில் 2015இல் லிபரல் கட்சித் தலைவர் ஜஸ்டின் ட்ரூடோ, பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்று வாக்குக் கொடுத்தார். சரி, எந்த முறைக்கு மாறுவது? அவருக்குப் பிடித்தது வரிசைப்படுத்தும் முறை, புதிய ஜனநாயகக் கட்சி கேட்டது விகிதாசார முறை. நாடாளுமன்றக் குழு 2016 டிசம்பரில் விகிதாசாரத்தின் பக்கம் சாய்ந்தது, கூடவே பொதுவாக்கெடுப்பும் வேண்டும் என்றது. 2017 பிப்ரவரியில் அரசு மொத்தத்தையும் கைவிட்டது. ட்ரூடோவின் கட்சியைப் போல நடுவில் நிற்கும் கட்சிக்கு இரண்டாம் விருப்ப வாக்கு இரு பக்கத்திலிருந்தும் வரும் என்பதை மனதில் வைத்துப் பார்த்தால், யார் எதைக் கேட்டார்கள் என்பது புரியும். ஆகவே ஒரு கட்சி மாற்றம் கேட்டால், எந்த முறை, இடம் பெற ஒரு கட்சி வாங்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கு வரம்பு எவ்வளவு, தொகுதி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள்.

கட்சிகளின் கணக்கு எப்போதும் பலிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இத்தாலியில் 2005இல் பிரதமர் பெர்லுஸ்கோனியின் ஆளும் கூட்டணி, முதலிடம் பிடிப்பவருக்குக் கூடுதல் இடம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே எதிரணி சுமார் 25,000 வாக்கு முன்னிலையில் அந்தக் கூடுதல் இடங்களைத் தட்டிச் சென்றது.

கடைசியாக, எல்லாமே கட்சிகள் கையில் என்ற எண்ணம். நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சிக்கு அதிக வாக்கு, தேசியக் கட்சிக்கு ஆட்சி. 1986இல் அரசு அமைத்த அரச ஆணையம், தொகுதி உறுப்பினர்களோடு கட்சிகளின் வாக்குப் பங்கை ஈடுகட்டப் பட்டியல் உறுப்பினர்களையும் சேர்க்கும் கலப்பு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது. இரு பெரிய கட்சிகளிலும் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1987 பிரசாரத்தில் தொழிற்கட்சிப் பிரதமர் டேவிட் லாங்கே தொலைக்காட்சி விவாதத்தில் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லிவிட்டார். வென்ற பிறகு அவர் கட்சி அதை நடத்தவில்லை. அதையே குத்திக்காட்டி தேசியக் கட்சி 1990இல் தானும் வாக்குறுதி கொடுத்தது. வாக்காளர்கள் விடவில்லை. 1992 வாக்கெடுப்பில் சுமார் 85 சதவீதம் பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள், 1993இல் சுமார் 54 சதவீதம் பேர் புதிய முறையை உறுதி செய்தார்கள். 1996இல் அந்த முறையில் நடந்த முதல் தேர்தலில் இரு பெரிய கட்சிகளுக்குமே தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.