கையில தெரியற "நரம்பு" எல்லாம் நரம்பு இல்ல, தடவியே கண்டுபிடிக்கறது எப்படி

ஊசி போட வர்ற நர்சம்மாவே "நரம்பு கிடைக்கலையே"ன்னு தான் சொல்வாங்க, ஆனா அவங்க தேடுறது நரம்பே இல்ல, ரத்தக்குழாய். ஜிம்முக்கு போறவன் "நரம்பு புடைச்சிருக்கு பாரு மச்சான்"னு காட்டுறதும் அதே தான். யாழ் தந்திக்கே நரம்புன்னு பேர் வச்ச ஆளுங்க நாம, அதனால தப்புன்னு சண்டை போடல, பிரிச்சுப் பாக்க தெரிஞ்சா போதும்.

முதல்ல ரத்தக்குழாய். கைய கொஞ்ச நேரம் தொங்கப் போடுங்க, புறங்கையில பச்சையா புடைக்கும், தலைக்கு மேல தூக்கினா அமுங்கிரும். புடைச்ச கோட்டுல விரல் பக்கமா ஒரு இடத்த அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு விரலால முழங்கை பக்கமா வழிச்சு விடுங்க, அழுத்துன விரல எடுக்குற வரைக்கும் அது காலியாவே கிடக்கும், ஏன்னா உள்ள இருக்குற வால்வு ரத்தத்த திரும்பி வர விடாது. இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி 1628ல இதே மாதிரி செஞ்சு தான் ரத்தம் ஒரே பக்கமா ஓடுதுன்னு காட்டினாரு.

அடுத்து தசைநாண், அதாவது தசைய எலும்போட கட்டி வைக்கிற கயிறு. கட்டவிரலையும் சுண்டுவிரலையும் நுனியில சேத்து வச்சு மணிக்கட்ட லேசா உள்பக்கம் மடக்குங்க, நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு எழும்பும். சிலருக்கு வரவே வராது, பிறவியிலயே இருக்காது, அதனால ஒரு குறையும் இல்ல, இருக்குறவங்களுக்கே டாக்டருங்க அத வெட்டி எடுத்து வேற இடத்துல ஒட்டு போட யூஸ் பண்றாங்கன்னா பாத்துக்கோங்க.

இப்ப தான் அசல் நரம்பு. முழங்கைய மடக்குங்க, உள்பக்கம் துருத்துற எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், அங்க விரல வச்சு குறுக்கால மெதுவா உருட்டினா நூடுல்ஸ் மாதிரி வழுக்கிட்டு போகும். அது தான் அல்நார் நெர்வ், கதவுல இடிச்சா சுர்ருனு ஷாக் அடிக்குமே அதே ஆளு. விரல ஆட்டினா தசைநாண் இழுபடும், நரம்பு அப்படி இழுக்காது, அமுக்கினா சுண்டுவிரல் வரைக்கும் ஜிவ்வுனு போகும். ரொம்ப நேரம் அமுக்காதீங்க.

இத தெரிஞ்சா என்ன லாபம்னா, போன காதுல வச்சு ஒரு மணிநேரம் பேசிட்டு சுண்டுவிரலும் மோதிரவிரல்ல பாதியும் மரத்துப்போனா சிக்கல் பெரும்பாலும் முழங்கையில. கட்டவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி எந்திரிச்சு கைய உதற வேண்டியிருந்தா மணிக்கட்டுல இருக்குற குறுகலான சந்துல மாட்டுற மீடியன் நெர்வா இருக்கலாம், அந்த சந்துல அதோட சேத்து 9 தசைநாண் வேற நெருக்கியடிச்சுட்டு போகுது. மரப்பு வாரக்கணக்குல போகலன்னாலோ கை பிடிமானம் குறைஞ்சாலோ டாக்டர்ட்ட காட்டுங்க. திடீர்னு ஒரு பக்க கை விழுந்து வாய் கோணுச்சுன்னா இந்த டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டு இருக்காதீங்க, உடனே 108.