மாமாவோட பழைய ஸ்பெக்ட்ரமுக்கு எதை முதல்ல வாங்கணும்? அடாப்டர்ல இருந்து எஸ்டி கார்டு வரைக்கும்

போன தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது பெங்களூர் அல்சூர்ல எங்க மாமா வீட்டு லாஃப்ட்ல, பித்தளைக் குடத்துக்குப் பின்னாடி, ஒரு டிபி ஸ்பெக்ட்ரம்+ கிடைச்சது. தெரியாதவங்களுக்கு: 1982-ல இங்கிலாந்துல சின்க்ளேர் கம்பெனி விட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்ங்கற வீட்டு கம்ப்யூட்டரோட தம்பிதான் ஸ்பெக்ட்ரம்+, அதை லைசென்ஸ் வாங்கி 1986-ல இங்க டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் வித்தாங்க. இசட்80 ப்ராசஸர், 3.5 மெகாஹெர்ட்ஸ், 48 கேபி ராம், அவ்வளவுதான். "ஓடுச்சுன்னா நீயே வச்சுக்கோடா"ன்னு மாமா சொல்லிட்டார். ஓட வைக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு, அதுல ரெண்டு மாசம் தப்பான சாமானை வாங்கினதுலயே போச்சு. நீங்க அப்படிப் பண்ணாதீங்கன்னுதான் இதை எழுதறேன்.

மெஷினைத் திறக்கறது, சால்டரிங் அயர்ன் பிடிக்கறது இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு வீடியோ ஆயிரம் இருக்கு. எந்த ஆக்சசரி, எந்த வரிசையில, எப்படி மாட்டணும்ங்கறது மட்டும்தான்.

ஸ்டெப் 1: அடாப்டர், மல்டிமீட்டர் இல்லாம தொடாதீங்க

ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி வேணும், ஒரிஜினல் அடாப்டர் 1.4 ஆம்ப். இது வரைக்கும் சுலபம். ஆனா உலகத்துல பாதி அடாப்டர்ல பின்னோட நடுவுல ப்ளஸ், வெளிய மைனஸ். ஸ்பெக்ட்ரமுக்கு உல்டா, நடுவுலதான் மைனஸ். நான் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச எஸ்பி ரோட்ல ஒரு கடையில "9 வோல்ட் 2 ஆம்ப் குடுங்கண்ணா"ன்னு கேட்டேன், அவரும் குடுத்தார், பின் கரெக்டா உள்ள போச்சு, நானும் சந்தோஷமா சுவிட்சைப் போட்டேன். ஒரு சின்ன "டிக்", அப்புறம் ஒரு கருகின வாசனை, டிஆர்4-ன்னு போர்டுல எழுதியிருக்கற டிரான்சிஸ்டர் காலி. அது இசட்டிஎக்ஸ்650, 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தயாரிக்கற சர்க்யூட்ல உட்கார்ந்திருக்கு, அது போனா ராமுக்கு சாப்பாடு கிடையாது. கடைக்காரரைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, நான் துருவம் எதுன்னு சொல்லவே இல்லையே.

அதனால இப்படிப் பண்ணுங்க. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-ல வைங்க, சிவப்பு முனையை பின்னோட ஓட்டைக்குள்ள விடுங்க, கருப்பை வெளிப்பக்கத்துல வைங்க. டிஸ்ப்ளேல மைனஸ் குறியோட 9 வரணும். மைனஸ் வரலைன்னா அந்த அடாப்டர் உங்க வைஃபை ரௌட்டருக்குத்தான் லாயக்கு.

நான் கண்டுபிடிச்ச குறுக்கு வழி ஒண்ணு: கிட்டார் பெடல் அடாப்டர். அதுவும் 9 வோல்ட், அதுலயும் நடுவுல மைனஸ், பின் சைஸும் அதே 5.5க்கு 2.1 எம்எம். மியூசிக் சாமான் கடையில கிடைக்கும். ஆனா ஆம்ப் பாருங்க, நிறைய பெடல் அடாப்டர் அரை ஆம்ப்தான் இருக்கும், அது பத்தாது, 1.5-க்கு மேல உள்ளதா கேட்டு வாங்குங்க. மாமாகிட்ட இருந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் லோட் இல்லாம அளந்தா 13 வோல்ட் கிட்ட காட்டுது, அதுல ஓட்டினா உள்ள வோல்டேஜை 5-க்கு இறக்கற 7805 ரெகுலேட்டர் இட்லி வேகற அளவுக்கு சூடாகுது. புது ரெகுலேட்டட் அடாப்டர்ல அந்தத் தொல்லை கம்மி.

ஸ்டெப் 2: டிவி

ஒரிஜினலா இது ஆன்டெனா சாக்கெட்டுக்கு யுஎச்எஃப் சேனல் 36-ல படம் அனுப்பும். இப்ப உள்ள டிவியில தேடினா கிடைச்சாலும் கிடைக்கும், ஆனா கொசு பறக்கற மாதிரிதான் தெரியும். கம்போசிட்டா, அதாவது டிவியோட மஞ்சள் ஏவி சாக்கெட்டுக்குப் போற வீடியோவா, மாத்திடுங்க: ஆன்டெனா சிக்னல் தயாரிக்கற மாடுலேட்டர் டப்பாவுக்குள்ள ஆர்சிஏ சாக்கெட்டோட நடு முனையில இருக்கற பழைய இணைப்பை எடுத்துட்டு, வெளிய இருந்து உள்ள வர வீடியோ வயரை நேரா அங்க பத்த வைங்க, 5 வோல்ட் வயரைக் கழட்டி முனையை டேப் சுத்தி ஒதுக்குங்க. பத்து நிமிஷ வேலை. நம்ம ஊர் டிவி எல்லாம் இதே மாதிரி PAL கலர் சிஸ்டம்ங்கறதால கலர் தானா வரும்.

(பின்னாடி சேர்த்தது: மஞ்சள் சாக்கெட்டே இல்லாம 3.5 எம்எம் ஏவி ஓட்டை மட்டும் இருக்கற டிவியில படம் வரலைன்னு ரெண்டு மூணு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. அந்த கேபிள்ல எந்த வளையத்துல வீடியோங்கறது டிவிக்கு டிவி மாறும். மஞ்சளை விட்டுட்டு சிவப்பு, வெள்ளை ரெண்டையும் மாத்தி மாத்தி குத்திப் பாருங்க, ஏதோ ஒண்ணுல படம் வந்துடும்.)

ஸ்டெப் 3: போன்ல இருந்து லோட் பண்றது. என் உயிரை வாங்கினது இதுதான்

அந்தக் காலத்துல கேசட் பிளேயர். இப்ப போனே போதும், கேமோட டேப் ஃபைலை வேவ் ஃபைலா மாத்தி பிளே பண்ணா மெஷின் அதைக் கேட்டு லோட் பண்ணிக்கும். மாத்தறதுக்கு நான் யூஸ் பண்றது ஃப்யூஸ் யுட்டிலிட்டீஸ்ங்கற சாஃப்ட்வேர்ல வர டேப்2வேவ். எம்பி3 வேண்டாம், வேவ்தான்.

மெஷின்ல ஜே கீயை அழுத்தினா "லோட்"னு முழு வார்த்தையே வந்துடும், அப்புறம் ரெண்டு தடவை டபுள் கோட், என்டர். ஸ்பெக்ட்ரம்+ல கோட்டுக்கு தனி கீ இருக்கு, ரப்பர் கீ மாடல்னா சிம்பல் ஷிஃப்ட்டோட பி. போனை இயர்னு எழுதின சாக்கெட்ல சொருகி பிளே பண்ணுங்க, மைக் சாக்கெட்ல எதுவும் வேண்டாம்.

நான் இதைத்தான் பண்ணேன். ஒரு மாசம் பண்ணேன். ஸ்கிரீன் ஓரம் சிவப்பு, கொஞ்ச நேரம் கழிச்சு நீலப்பச்சை, மறுபடி சிவப்பு, அவ்வளவுதான். வால்யூமைக் கூட்டினேன், குறைச்சேன், வேற போன்ல பார்த்தேன், லேப்டாப்ல பார்த்தேன், படத்தையும் டேப்பையும் கவனிச்சுக்கற யூஎல்ஏ சிப்பே போயிடுச்சோன்னு பயந்து புது சிப்புக்கு ஆர்டர் போடற வரைக்கும் போயிட்டேன். அன்னைக்கு மாமா டீ குடிக்க வந்தவர் கேபிளைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்துட்டு, "எங்க காலத்துல இதுல ஒரு கருப்புக் கோடுதாண்டா இருக்கும், இதுல என்ன மூணு இருக்கு?"ன்னார்.

அதேதான் விஷயம். உங்க கேபிளோட பின்னை இப்பவே கண்ணுகிட்ட கொண்டு போய் பாருங்க. ஒரு கருப்பு வளையம்னா மோனோ. ரெண்டுன்னா ஸ்டீரியோ. மூணுன்னா மைக்கோட வர போன் கேபிள். ஸ்பெக்ட்ரம்ல இருக்கறது மோனோ சாக்கெட், அது நுனியையும் அடிப்பாகத்தையும் மட்டும்தான் தொடும். மூணு வளையப் பின்னுல அடிப்பாகம் கிரவுண்டே கிடையாது, இப்ப வர போன்கள்ல அது மைக் லைன். அப்ப கிரவுண்ட் எங்கயும் போய்ச் சேரல, சிக்னல் அந்தரத்துல தொங்குது. ரெண்டு வளையம்னா ஓடும், ஆனா வலது சேனல் கிரவுண்டோட ஷார்ட் ஆகும், நல்லதில்ல.

கேபிளை நீங்களே பண்ணிக்கறதுதான் பெஸ்ட்: போன் பக்கம் ஸ்டீரியோ பின், ஸ்பெக்ட்ரம் பக்கம் மோனோ பின், இடது சேனலையும் கிரவுண்டையும் மட்டும் பத்த வைங்க, வலதை எதுலயும் கொடுக்காம விட்டுடுங்க. உலோக மூடி போட்ட பின் வாங்குங்க, பிளாஸ்டிக் மூடி அயர்ன் சூட்டுல உருகி உள்ள இருக்கற தகடு ஆட ஆரம்பிச்சுடும்.

கேபிள் சரியான அப்புறமும் எனக்கு பாதி நேரம்தான் லோட் ஆச்சு. ஏன்னா பழைய கேசட் பிளேயரோட இயர்போன் சாக்கெட் கொடுக்கற வோல்டேஜ் இப்ப உள்ள போன்ல வராது, அதுவும் யுஎஸ்பி-சி டாங்கிள்னா இன்னும் கம்மி. நடுவுல ஒரு எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் மாட்யூல் போட்டேன், நீலக் கலர் திருகு ஒண்ணு இருக்குமே அந்த சின்ன போர்டு, எஸ்பி ரோட்ல எந்தக் கடையில கேட்டாலும் தருவாங்க, பவர் பேங்க் 5 வோல்ட்லயே ஓடும். திருகை குறைச்சு வச்சு ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. ஓரத்துல சிவப்பும் நீலப்பச்சையும் சம அகலத்துல, சீரா உருண்டா சிக்னல் பிடிச்சுடுச்சுன்னு அர்த்தம். அடுத்து மெல்லிசா நீலமும் மஞ்சளும் வரும், அதுதான் டேட்டா. கோடுகள் ஒழுங்கில்லாம இருந்தா வால்யூம் அதிகமா இருக்கு, இல்லாட்டி குறைவா இருக்குன்னு அர்த்தம். 48 கேபி முழுசா ஏற அஞ்சு நிமிஷம் கிட்ட ஆகும், போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டுட்டு ஆரம்பிங்க. நாலரையாவது நிமிஷத்துல குடும்ப க்ரூப்ல யாரோ "குட் மார்னிங்" பூ போட்டு, அந்த டிங் சத்தம் உள்ள போய் "ஆர் டேப் லோடிங் எரர்"னு வர கொடுமையை நான் மூணு தடவை அனுபவிச்சிருக்கேன். ஈக்வலைசர், சரவுண்ட் எஃபெக்ட் எல்லாம் ஆஃப். சார்ஜர் சொருகியிருந்தா எடுத்துடுங்க, சில போன்ல ம்ம்ம்னு ஒரு இரைச்சல் சேருது.

அப்டேட்: எல்எம்386-க்கு பதிலா பிஏஎம்8403 போர்டு போட்டு "சூடாகுது, லோடும் ஆகல"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அது இங்க ஆகாதுங்க. அந்த சிப்போட அவுட்புட்ல மைனஸ்னு போட்டிருக்கறது கிரவுண்ட் இல்ல, அதுலயும் சிக்னல்தான் வரும். அதைக் கொண்டு போய் ஸ்பெக்ட்ரம் கிரவுண்ட்ல சேர்த்தா சிப் ஷார்ட் ஆகும். சைஸும் விலையும் ஒரே மாதிரி இருக்கறதால மாத்தி வாங்கிடறாங்க, நம்பரைப் படிச்சு வாங்குங்க.

ஸ்டெப் 4: பின்னாடி இருக்கற எட்ஜ் கனெக்டர்

இனிமே மாட்டற எல்லாமே இதுலதான். ரெண்டு பக்கமும் 28 காண்டாக்ட், அஞ்சாவது இடத்துல ஒரு வெட்டு. மாட்டற சாமான்ல அந்த வெட்டுக்குள்ள போய் உட்கார்ற சின்னத் தடுப்பு இருக்கணும், இல்லாத மலிவு சாமான் ஒரு பின் தள்ளி உட்கார்ந்துக்கும், 5 வோல்ட், 9 வோல்ட், கிரவுண்ட் எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கறதால அதோட கதை முடிஞ்சது. கரண்ட் ஓடும்போது எதையும் மாட்டவோ கழட்டவோ கூடாது. பக்கத்துல இருக்கற ரீசெட் பட்டனை அழுத்தினா கரண்ட் போயிடாது, சுவர் சுவிட்சையே ஆஃப் பண்ணுங்க. முப்பது வருஷ அழுக்கை முதல்ல வெள்ளை ரப்பரால மெதுவா தேச்சு, அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு துடைங்க. உப்புத்தாள் பக்கமே போகாதீங்க.

ஸ்டெப் 5: ஜாய்ஸ்டிக்

ரெண்டு வகை இன்டர்ஃபேஸ் பிரபலம், கெம்ப்ஸ்டன், சின்க்ளேர். சின்க்ளேர் வகை 1-ல இருந்து 0 வரைக்கும் உள்ள நம்பர் கீயை அழுத்தின மாதிரி காட்டும், கெம்ப்ஸ்டன் தனியா போர்ட் 31-ல வரும். நான் கெம்ப்ஸ்டன் கட்சி. வந்ததும் கேம் போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, ரெண்டு வரி ப்ரோக்ராம் போதும்: வரி 10-ல பிரிண்ட் இன் 31, வரி 20-ல கோ டு 10. இந்த "இன்"ங்கற வார்த்தையை எழுத்து எழுத்தா அடிச்சா மெஷின் ஒத்துக்காது, எக்ஸ்டெண்ட் மோட் அழுத்திட்டு சிம்பல் ஷிஃப்ட்டோட ஐ. சும்மா இருக்கும்போது 0, வலது 1, இடது 2, கீழ 4, மேல 8, ஃபயர் 16. மேலயும் வலதும் சேர்ந்தா 9. ஏதாவது ஒரு பக்கம் நம்பர் வரலைன்னா ஸ்டிக்ல கோளாறு.

ஸ்டெப் 6: டிவ்எம்எம்சி, அதாவது எஸ்டி கார்டு மாட்டற போர்டு

இவ்வளவு படிச்சப்புறம் இதைச் சொல்றேனேன்னு திட்டாதீங்க, இது வந்தா அந்த அஞ்சு நிமிஷ காத்திருப்பு இல்ல. எஸ்டி கார்டுல ஃபைலைப் போட்டு, போர்டுல இருக்கற என்எம்ஐ பட்டனை அழுத்தினா லிஸ்ட் வரும், தேர்ந்தெடுத்தா கண் மூடித் திறக்கறதுக்குள்ள கேம். ஜாய்ஸ்டிக் போர்ட்டும் சேர்ந்து வர மாடலா வாங்குங்க, ஆனா அப்ப தனி கெம்ப்ஸ்டன் இன்டர்ஃபேஸை கூடவே மாட்டாதீங்க, ரெண்டும் போர்ட் 31-ல ஒரே நேரத்துல பேசும், கேம்ல ஆள் தானா ஒரு பக்கம் ஓடிட்டே இருப்பான்.

கார்டுல பின் (BIN), சிஸ் (SYS), டிஎம்பி (TMP)-ன்னு மூணு ஃபோல்டர் வெளியவே இருக்கணும். போர்டை ஓட்டற சாஃப்ட்வேர் பேர் எசெக்ஸ்டாஸ், போர்டுல அதுல எந்த வெர்ஷன் ஏத்தியிருக்கோ அதே வெர்ஷன் ஃபைல்தான் கார்டுலயும். புதுசா இருக்கட்டுமேன்னு கார்டுல மட்டும் மாத்தினா எரர்.

மைக்ரோடிரைவ் பத்தியும் கேட்டிருந்தீங்க. 1983-ல வந்தது, தீப்பெட்டி சைஸ் கார்ட்ரிட்ஜ்க்குள்ள முடிவில்லாம சுத்தற டேப், 85 கேபி கிட்ட பிடிக்கும். கையில வச்சுப் பார்க்க அவ்வளவு அழகு, ஆனா உள்ள டேப்பை அழுத்தற பஞ்சு இத்தனை வருஷத்துல உதிர்ந்து போயிருக்கும், ஷோகேஸ்ல வைக்கன்னா வாங்குங்க. இசட்எக்ஸ் பிரிண்டரும் அப்படித்தான், அலுமினியம் பூசின பேப்பர்ல தீப்பொறி விட்டு எழுத்தை சுட்டு எடுக்கும், பார்க்க செம, பேப்பருக்கு எங்க போறது?

கடைசி அப்டேட்: 64 ஜிபி கார்டு போட்டு டிவ்எம்எம்சி எடுக்கலைன்னு நேத்து ஒரு கமெண்ட். அந்த சைஸ் கார்டு எல்லாம் கடையில இருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மேட்ல இருக்கும். 32 ஜிபி-யோ அதுக்குக் கீழயோ ஒண்ணு எடுத்து ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணுங்க. நான் மாமாவோட பழைய கேமராவுல இருந்த 2 ஜிபி கார்டைத்தான் போட்டிருக்கேன், கிடைச்ச கேம் எல்லாம் போட்டும் பாதி கூட நிறையல.