பைக்கை ஆல்டர் செய்யும் முன்: சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

"கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், அப்புறம் எப்படித் தப்பாகும்?" பைக்குக்கு வேறு கம்பெனி தயாரித்த மாற்றுப் பாகம் வாங்குகிற பலர் இந்தத் தைரியத்தில்தான் காசு கொடுக்கிறார்கள். பல நாடுகளில் பாகத்தை விற்பதற்கு ஒரு சட்டம், அதை மாட்டிச் சாலையில் ஓட்டுவதற்கு வேறு சட்டம். 'ரேஸ் டிராக்குக்கு மட்டும்' என்று பெட்டி ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தால் தன் கடமை முடிந்தது என்று விற்றவர் ஒதுங்கிக்கொள்வார். சாலையில் வண்டியை நிறுத்தும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுகிறவர்தான்.

அதிகம் பேர் சிக்குவது சைலன்சரில். ஐநா வாகன விதிகளை ஏற்ற நாடுகளில் மாற்றுச் சைலன்சருக்கென்றே 92ஆம் விதி இருக்கிறது. ஒப்புதல் பெற்ற பாகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். ஒப்புதல் தந்த நாட்டை அந்த எண் சொல்லும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து. முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒப்புதல் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும்தான். அதே கம்பெனியின் இன்னொரு மாடலில் மாட்டினால் முத்திரை இருந்தும் செல்லாது. சோதித்த நிலையிலேயே அது இருக்கவும் வேண்டும். சத்தத்தைக் குறைக்கச் சைலன்சர் வாயில் ஒற்றை போல்ட்டில் நிற்கும் சின்னக் குழாய்தான் டிபி கில்லர். சோதனையில் அது இருந்திருந்தால், கழற்றிய நிமிடமே ஒப்புதலும் போய்விடுகிறது.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிஸ்ட்டை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பது இன்னும் மோசம், சத்தத்தோடு புகை விதியும் மீறப்படுகிறது. அமெரிக்காவில் 1986 முதல் தயாரான சாலை பைக்குகளுக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். கேட்டலிஸ்ட்டைக் கழற்றுவது அங்கே தூய காற்றுச் சட்டத்தின் கீழ் தனி மீறல்.

ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகுவது அடுத்த தவறு. இது எனக்குக் கோபம் வரவைக்கும் தவறும்கூட, ஏனென்றால் ஆபத்து எதிரே வருகிறவருக்கு. பல்பின் இழை எந்தப் புள்ளியில் எரியுமோ அதை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரை வடிவமைக்கிறார்கள். எல்இடி சிப் அந்தப் புள்ளியில் இல்லாவிட்டால் வெளிச்சம் மேலே சிதறும். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தரித்தாற்போல் தெரியாமல் கலங்கிக் கிடந்தால் அந்த பல்பு வேண்டாம். விளிம்பு சரியாக இருந்தாலும் அந்த ஹெட்லைட்டுக்கு அந்த பல்பு அனுமதிக்கப்பட்டதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

டயரில் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியில் வரும் 58 போன்ற எண் சுமைக் குறியீடு, 58 என்றால் 236 கிலோ வரை தாங்கும். வண்டிக்குக் குறித்ததைவிட அது குறையக் கூடாது. பின்பக்கத்தை வெட்டிச் சிறிதாக்கும்போது நம்பர் பிளேட் விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் காணாமல் போவது வாடிக்கை. ஹேண்டில்பாரை உயர்த்தினால் பிரேக் ஹோஸ் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் இழுபடாமல் இருக்க வேண்டும்.

காகித வேலையைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். ஜெர்மனியில் சில பாகங்களுக்குச் சான்றிதழை வைத்திருந்தால் போதும். வேறு சிலவற்றை மாட்டியதும் ஆய்வு மையத்தில் காட்டிப் பதிவில் ஏற்ற வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்றுவிட வேண்டாம். வாகன ஆய்வில் மாற்றத்தை ஏற்க மறுத்தால் அவைதான் கைகொடுக்கும். ஆல்டர் செய்த பழைய பைக்கை வாங்குகிறீர்கள் என்றால், பேரம் பேசும் முன்பே அந்தப் பாகங்களையும் ஒப்புதல் சான்றுகளையும் கேளுங்கள்.