ஓதம் ஏறிய சுவரில் கொடி படராது: வாட்டர் கலரிலும் சுவர் ஓவியத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரஷைக் கழுவி வையுங்கள், தரையில் பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பிரஷ் கட்டையாகிப் போனால் அடுத்த தடவை யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்காது. நான் சொல்ல வருவது, புதிதாக வாட்டர் கலர் பழகுகிறவர்களும், கொஞ்சம் கை வந்ததும் அப்படியே வீட்டுச் சுவரில் பூவும் கொடியும் வரையக் கிளம்புகிறவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் செய்யும் தவறுகளைப் பற்றி. நானும் ஒரு காலத்தில் வரிசையாகச் செய்தவைதான், அதனால் ஒருவர் ஆரம்பிக்கும்போதே எங்கே போய் நிற்கப் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. தாளோ சுவரோ, முக்கால்வாசிச் சிக்கல் தண்ணீர் எங்கே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று பார்க்காததால் வருவது.

பாதி காய்ந்த வாஷில் மறுபடி கை வைப்பது

வானத்துக்கு ஒரு நீல வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்து அகலமாகப் பரப்பும் நிறம்) அடித்திருப்பார்கள். அழகாகத்தான் இறங்கியிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலை வெளிறித் தெரியும், உடனே பிரஷைத் தண்ணீரில் முக்கி எடுத்து அங்கே ஒரு தொடு. அவ்வளவுதான், காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட ஒரு கறை பூத்துவிடும். தாளின் பளபளப்பு போயிருக்கும், உள்ளே ஈரம் மட்டும் இன்னும் இருக்கும், அந்த இடைப்பட்ட நேரம்தான் ஆபத்து. பிரஷிலிருந்து வரும் அதிகப்படித் தண்ணீர், அரைகுறையாகக் காய்ந்த நிறத் துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவித்துவிடுகிறது.

தாள் பளபளவென்று இருக்கும்வரை தைரியமாக நிறம் விடலாம். பளபளப்பு போய்விட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்க, புறங்கையைத் தாளின் மேல் லேசாக வையுங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை என்று அர்த்தம். தொட்டே ஆக வேண்டும் என்றால், தாளில் இருப்பதைவிடப் பிரஷில் ஈரம் குறைவாக இருக்கட்டும். ஈரத் தாளின் மேலேயே ஈர நிறத்தை வைக்கும் வெட் ஆன் வெட் முறையில் பாதி வித்தை இதுதான், நிறக் கலவையெல்லாம் அப்புறம்.

மெல்லிய தாள்

தாளின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) 300க்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக எழும்பும், பள்ளத்தில் நிறம் தேங்கும், மேட்டில் வெளுக்கும், பிறகு மேலே சொன்ன கறையெல்லாம் தானாகவே வரும், பழி மட்டும் உங்கள் கை மேல் விழும். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமா, பெயிண்டில் பிடியுங்கள், மாணவர் தரமே பழகுவதற்குப் போதும். தாள் மட்டும் முடிந்தவரை பருத்தித் தாளாக இருக்கட்டும். நல்ல தாளில் ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஏற்றியிருப்பார்கள், தண்ணீரைச் சட்டென்று உள்ளே இழுக்கவிடாமல் மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது அதுதான். ஒரே இடத்தை ஈரப் பிரஷால் தேய்த்துத் தேய்த்துத் திருத்தினால் அந்தப் பசை போய்விடும், அப்புறம் அங்கே வைக்கிற நிறமெல்லாம் திட்டுத் திட்டாக இறங்கும்.

வெள்ளை ட்யூபை நம்புவது

வேண்டாம். வெள்ளை வர வேண்டிய இடத்தைத் தொடங்கும் முன்பே பென்சிலால் குறித்து, தாளை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஓதம் இருக்கும் சுவரில் வரைவது

இப்போது எனக்கு எரிச்சல் வரும் விஷயத்துக்கு வருகிறேன். தாளில் தவறினால் ஒரு தாள் போகும். சுவரில் இந்தத் தவறைச் செய்தால் பட்டி, பிரைமர், பெயிண்ட், உழைப்பு எல்லாம் மொத்தமாகப் போகும், அதுவும் உடனே போகாது, நாலு பேர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போன பிறகு போகும்.

என்னிடம் வாட்டர் கலர் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், படுக்கையறைச் சுவர் முழுக்கக் கீழிருந்து மேலே கொடி படர்வதாக வரைந்திருந்தார். நல்ல கை, இலைக்கு இலை பச்சை மாறும். போட்டோ பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. சில மாதங்களில் சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து, தண்டோடு சேர்த்துத் தோல் தோலாக உரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. வரைவதற்கு முன்னால் இந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "லேசா வெள்ளையா ஒரு பொடி இருந்தது, துடைச்சிட்டுத்தான் அடிச்சேன்" என்கிறார். எதைக் கொண்டு துடைத்தார்? ஈரத் துணியால்!

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பெயிண்ட் சரியில்லை என்று தானே முடிவு செய்து, சுரண்டிவிட்டு, இன்னும் விலை கூடிய பெயிண்டில் அதே கொடியை அதே இடத்தில் வரைந்தார். அதுவும் பொரிந்தது. அடுத்து யாரோ சொன்னார்கள் என்று வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஒன்றை உள்பக்கமாக அடித்து அதன் மேல் வரைந்தார். ஈரம் அந்த இடத்தில் வெளியேற வழியில்லாமல் பக்கத்திலும் மேலேயும் ஏறி, அதுவரை நன்றாக இருந்த இலைகளையும் தூக்கிவிட்டது.

நடப்பது என்னவென்றால், செங்கல்லிலும் சிமெண்ட் பூச்சிலும் தண்ணீரில் கரையக்கூடிய உப்புகள் இருக்கின்றன. ஈரம் உள்ளே புகுந்தால் அவற்றைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்பை நோக்கி வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு படிகமாக அங்கேயே நின்றுவிடும். பெயிண்ட் படலத்துக்கு அடியில் அந்தப் படிகம் வளர வளர, படலத்தையே தள்ளித் தூக்கும், சில சமயம் பட்டியையும் சேர்த்து. மேலே எவ்வளவு உசத்தியான பெயிண்டைப் பூசினாலும் அடியில் நடப்பது நின்றுவிடப் போவதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போகிறது. உலர்ந்த கெட்டிப் பிரஷால் தேய்த்து, விழுவதைக் கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும்.

சுவர் விஷயத்தில் பெரிய கைகளும் அடி வாங்கியிருக்கின்றன. லியோனார்டோ டா வின்சி 1490களில் மிலானில் 'கடைசி இராவுணவு' ஓவியத்தை வரைந்தபோது, ஈரப் பூச்சு காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய ஃபிரெஸ்கோ முறையை விட்டுவிட்டு, நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய வசதியாக இருக்கட்டும் என்று காய்ந்த சுவரின் மேல் வரைந்தார். நிறம் சுவரோடு பிணையவில்லை, சுவரிலும் ஈரம். அவர் உயிரோடு இருக்கும்போதே ஓவியம் கெட ஆரம்பித்துவிட்டது. கடைசியாக நடந்த பெரிய சீரமைப்பு மட்டும் 1978இல் தொடங்கி 1999 வரை இழுத்தது.

சோதித்துப் பார்ப்பது ரொம்ப எளிது. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்று புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். பிரிக்கும்போது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும். சுவருக்குள்ளிருந்துதான் என்றால் முதலில் ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள்: குழாய் இணைப்பு, குளியலறை டைல்ஸ் இடுக்கு, மேல்தள விரிசல், தரையிலிருந்து ஏறும் ஈரம், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த பிறகு தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்து, புதிதாகப் பூசி, சிமெண்டின் காரத்தை (ஆல்கலி) தாங்கும் பிரைமர் அடித்து, அப்புறம்தான் பென்சிலை எடுக்க வேண்டும். புதுச் சுவராக இருந்தாலும் அவசரம் கூடாது, புது சிமெண்ட் பூச்சில் காரம் அதிகம், சில நிறங்களையே அது மாற்றிவிடும். 28 நாளாவது விடுவது வழக்கம்.

இதையெல்லாம் சொன்னபோது, "அவ்வளவு நாள் யார் காத்திருக்கிறது" என்றார் அந்தப் பெண். ஒரே கொடியை மூன்று தடவை வரைய மட்டும் நேரம் இருந்திருக்கிறது!

ஈரத்தில் நிறத்தை முடிவு செய்வது

வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும், அதனால் ஒரு படி அழுத்தமாகவே வைக்கப் பழகியிருப்போம். அதே பழக்கத்தோடு சுவருக்குப் போனால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் பெரும்பாலும் காய்ந்ததும் ஒரு படி அடர்ந்துவிடும். அதில் நிறத் துகள்களைப் பிடித்து ஒட்டவைக்கும் பிணைப்பான் ஈரமாக இருக்கும்போது வெண்மையாகக் கலங்கியிருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, அதைச் சுவரில் சாய்த்துப் பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். நிற அட்டையிலிருக்கும் விரல் அகலக் கட்டத்தை நம்பி வாளி வாளியாக வாங்காதீர்கள்.

ட்யூபில் எழுதியிருப்பதைப் படிக்காதது

நிறத்தின் பெயரை விடுங்கள், நிறமியின் எண்ணைப் பாருங்கள். பிஆர் 83 (PR 83) என்று இருந்தால் அது அசல் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளிறும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, வாட்டர் கலர் நிறங்களை ஒளி என்ன செய்கிறது என்று ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சோதித்து இங்கிலாந்தில் அறிக்கை கொடுத்தது 1888இல்.

ஸ்டென்சிலில் பெயிண்ட் தளும்புவது

வடிவம் வெட்டிய ஸ்டென்சில் தகட்டைச் சுவரில் வைத்து நிறம் ஏற்றும் முன் பிரஷைத் துணியில் ஒற்றுங்கள், இனி பெயிண்டே இல்லை என்று தோன்றும்வரை ஒற்றுங்கள். அப்புறம் செங்குத்தாகத் தட்டுங்கள். இழுத்தால் ஓரத்துக்கு அடியில் புகுந்துவிடும்.

மாஸ்கிங் டேப்பை மறப்பது

பெயிண்ட் இறுகும் முன் எடுங்கள்.

சுவரின் நடுவில் நிறுத்துவது

ரோலர் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையை அதன் மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நடுவில் நிறுத்தி, அந்த ஓரம் காய்ந்த பிறகு தொடர்ந்தால், இரண்டு தடவை பட்ட இடம் மட்டும் பட்டையாகத் தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். வாஷில் நடந்த அதே கதைதான், அளவு மட்டும் பெரிது. காற்றாடியை நிறுத்திவிடுங்கள், சீக்கிரம் காயாமல் இருக்கும். போன் அடித்தால் அடிக்கட்டும், மூலை வரை போய்ச் சேர்ந்த பிறகு திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.