மூளையின் பாகங்கள்: கட்டிலருகே செய்யும் தவறுகள்

நான் பக்கவாத வார்டில் பிசியோதெரபிஸ்ட். வருடா வருடம் புது மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் நான் செய்தவைதான். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று ஒப்பிப்பதில் யாரும் தவறுவதில்லை. இடது மூளைதான் வலது கை காலை இயக்குகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நோயாளியின் முன்னால் நிற்கும்போதுதான் சறுக்குகிறது.

சிறுமூளைக்கும் எதிர்ப்பக்கக் கணக்குப் போடுவது

பெருமூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. சிறுமூளையின் பாதையோ இரண்டு முறை மாறி, புறப்பட்ட பக்கத்துக்கே வந்துவிடும். வலது சிறுமூளையில் அடி என்றால் வலது கைதான் தடுமாறும். அந்தக் கையில் பலம் இருக்கும். மூக்கைத் தொடச் சொன்னால் விரல் ஆடி ஆடிப் போய்க் கன்னத்தில் குத்தும். அவருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்து ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள்.

பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு கொத்தனார் வந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்பார். வேறு வார்த்தை வராது. அவர் கட்டிலருகே நின்றுகொண்டே அவர் மனைவியிடம், "நாம பேசறது இவருக்குப் புரியாதும்மா, கையும் பழையபடி வராது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த பத்து நாள் பயிற்சிக்குக் கையே கொடுக்கவில்லை. கை தேறுவதற்கு ஆரம்ப வாரங்கள்தான் முக்கியம். அதில் பத்து நாள் என்னால் போயிற்று.

ஒருநாள் அந்த அம்மா ஒரு கையில் மோரும் மறு கையில் காபியுமாக நின்று, "எது வேணும்?" என்றார். அவர் இடது கையால் மோர் டம்ளரைத் தொட்டார். "காலையில குடிச்சது?" காபியைத் தொட்டார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளியும் இப்படித்தான். "டான்" என்ற ஒலி மட்டுமே வரும், ஆனால் கேட்பது புரியும். இறந்தபின் மூளையைப் பார்த்தால், இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. வார்த்தையை வாய்க்குக் கொண்டுவரும் இடம் அது. வலது முகத்தையும் கையையும் இயக்கும் பட்டை அதை ஒட்டியே இருப்பதால் பேச்சும் கையும் பல நேரம் சேர்ந்தே போகின்றன.

கேட்டதைப் புரிந்துகொள்ளும் வேலை பெரும்பாலும் அதற்குப் பின்னால், காதை ஒட்டி உள்ளே இருக்கும் இடது பொட்டு மடலில் நடக்கிறது. 1874-ல் வெர்னிக்கே என்ற மருத்துவர் காட்டிய இடம். அங்கே அடிபட்டால் பேச்சு மடமடவென்று வரும், பொருள் இருக்காது, நாம் சொல்வதும் ஏறாது. 'குடித்திருக்கிறார்', 'மனநிலை சரியில்லை' என்று வீட்டில் விட்டுவைப்பார்கள்; ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நான்கரை மணி நேரம் கடந்துவிடும்.

இரண்டு இடமும் ஒன்றாகப் போனவர்களும் உண்டு. அதனால் ஊகிக்காமல் சோதியுங்கள். சைகை காட்டாமல், சின்ன வாக்கியமாக, "கண்ணை மூடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், நாம் "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கினால் சிலர் கூடவே பத்து வரை சொல்லிவிடுவார்கள். அது பழக்கத்தில் வருவது. பேச்சு திரும்பிவிட்டது என்று வீட்டாருக்கு நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள்.

மூளைத்தண்டு சின்னதுதானே என்று நினைப்பது

மூளையைத் தண்டுவடத்தோடு சேர்க்கும் பகுதி அது, முகுளமும் அதில்தான் இருக்கிறது. மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குதல் எல்லாம் அங்கேதான். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது என்பது

பொய்.

வலது மூளை அடிபட்டவரைப் பிடிவாதக்காரர் என்பது

வலது உச்சி மடல் பழுதானால் சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இருக்காது. கண் தெரியும், இருந்தாலும் தட்டின் வலது பாதியில் உள்ள இட்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பார். திட்ட வேண்டாம். தட்டைத் திருப்பி வையுங்கள், மீதியையும் சாப்பிடுவார்.