வரப்புத் தகராறா? அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் மட்டும் நம்பி வைக்காதீர்கள்

சம்பா நடவு நேரம் வந்தால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வரப்பை வெட்டினான், வாய்க்காலை அடைத்தான் என்று தகராறு கிளம்பிவிடும். "செல்போன்ல வீடியோ இருக்குல்ல, பாத்துக்கலாம்" என்று தைரியமாக இருப்பார்கள். அது மட்டும் போதாது.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுப்படி, வீடியோ, ஆடியோ, மெசேஜ் நகலைத் தாக்கல் செய்யும்போதே சான்றிதழும் வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் 'ஏ' பகுதியை நீங்களும் 'பி' பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். போனின் மாடல், ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்), ஃபைலின் ஹாஷ் மதிப்பு எல்லாம் அதில் கேட்பார்கள்.

இந்த ஹாஷ்தான் முக்கியம். ஃபைலில் இருப்பதை வைத்துக் கணக்கிடும் ஒரு குறியீடு; ஃபைலுக்குக் கைரேகை மாதிரி. ஒரு நொடி வெட்டினாலும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கி வேறு ஃபைலாகிவிடுகிறது. அதனால் எடுத்த போனிலேயே அசலை அப்படியே விடுங்கள். பேரு மாற்ற வேண்டாம், எடிட் வேண்டாம். கேபிள் போட்டு பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வழக்கு முடியும்வரை தயவுசெய்து அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அசல் கருவியையே உரிமையாளர் சாட்சிக்கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின்கீழ் 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

காகித ஆதாரத்திலும் அசலை அப்படியே வைக்க வேண்டும்: தாத்தா காலத்துக் குத்தகைச் சீட்டு இருந்தால் அதை லேமினேஷன் செய்யாதீர்கள். கையெழுத்தையும் மையையும் பிறகு சோதிப்பது சிரமம்.